புது மாடல் வருதாமே! வாங்குவதா, காத்திருப்பதா?

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பேப்பரில் புதிய மாடல் பற்றிய செய்தி வந்துவிடும். "அவசரப்பட்டுட்டீங்களே சார், இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமே" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "அதெல்லாம் சும்மா விளம்பரம், வாங்குனவன் எல்லாம் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்பார் ஆபீஸ் நண்பர். "இனிமே எல்லாமே இதுதான் சார், பழசை யாரும் தொட மாட்டாங்க" என்பார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

புதிய கம்ப்யூட்டர், செல்போன், விண்டோஸ் என்று எது அறிவிக்கப்பட்டாலும் முதல் வாரத்தில் கைதட்டலும் கேலியும் கோபமும் சேர்ந்தே வரும். அவற்றில் சில பேச்சுகள் பின்னாளில் காணாமல் போயின. சில, சொன்னது சொன்னபடியே பலித்தன. 1998-லிருந்து நடந்த சிலவற்றை எடுத்துப் பார்த்தால், எந்தப் புகாரைக் காதில் வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது ஓரளவு பிடிபடும். போவது நம் பணம். ஆகவே கொஞ்சம் விவரமாகவே பார்ப்போமா?

பிளாப்பி இல்லாத கம்ப்யூட்டரா?

1998 மே 6 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐமேக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தார். மானிட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. நீலப் பச்சை நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் உடல். விலை 1,299 டாலர். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, "பிளாப்பி டிரைவ் எங்கே?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அன்று ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பைலைக் கொண்டு போக 1.44 எம்பி பிளாப்பியைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஐமேக்கில் இருந்தது சிடி-ராம் டிரைவ் மட்டும். அதில் படிக்கலாம், எழுத முடியாது. பென் டிரைவ் என்ற பொருள் கடைக்கு வந்ததே 2000-ல்தான். பழைய பிரிண்டர், கீபோர்டு கேபிள்களுக்கான இடமும் இல்லை. எல்லாவற்றுக்கும் யூ.எஸ்.பி. மட்டுமே.

ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 8 லட்சம் ஐமேக்குகள் விற்றன. வேறு நிறுவனங்கள் யூ.எஸ்.பி.யில் மாட்டும் தனி பிளாப்பி டிரைவ்களைச் செய்து விற்றன. வாங்கியவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் செய்தார்கள். பிளாப்பியோ மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் பிளாப்பி விற்பனையை 2011 மார்ச்சுடன் நிறுத்துவதாக சோனி நிறுவனம் 2010-ல் அறிவித்தது.

அப்படியானால் 1998-ல் முணுமுணுத்தவர்கள் தவறாகப் பேசினார்களா? இல்லை. பிளாப்பியின் காலம் முடியப் போகிறது என்பது உண்மை. அதற்கு மாற்று அன்று கைவசம் இல்லை என்பதும் உண்மை. ஒரு வசதியை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அதற்குப் பதிலாக உள்ளது இன்று நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதா, என்ன விலை? ஐந்து வருடம் கழித்து எல்லோரும் அப்படித்தான் மாறுவார்கள் என்பது இன்று பைலை காப்பி எடுக்க வேண்டியவருக்கு உதவாது.

பட்டன் இல்லாத போனை யார் வாங்குவார்கள்?

2007 ஜனவரி 9. ஆப்பிள் ஐபோனை அறிவித்தது. 4 ஜிபி மாடல் 499 டாலர், 8 ஜிபி மாடல் 599 டாலர். அதோடு அமெரிக்காவில் ஒரே செல்போன் நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தமும் போட வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் டிவி பேட்டியில் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். ஒப்பந்தத்தோடு சேர்த்தும் இவ்வளவு விலையா, கீபோர்டு இல்லாத போனை அலுவலக வேலைக்கு யார் எடுப்பார் என்பது அவருடைய வாதம்.

அவர் சொன்ன குறைகள் போக வேறு குறைகளும் அதில் இருந்தன. 3ஜி கிடையாது. எழுத்தை காப்பி செய்து பேஸ்ட் செய்ய முடியாது. படத்துடன் எம்எம்எஸ் அனுப்ப முடியாது. வேறு நிறுவனங்களின் புரோகிராம்களைப் போட வழியில்லை. ஆப் ஸ்டோர் திறந்ததே 2008 ஜூலையில். காப்பி, பேஸ்ட் வசதி வந்தது 2009 ஜூனில். இருந்தும் விற்பனை தொடங்கிய 74 நாளில் 10 லட்சம் போன்கள் விற்றன. பின்னர் 2016-ல் பேட்டி கொடுத்த பால்மர், போனின் விலையை மாதாந்திர பில்லுக்குள் அடக்கி விற்கும் முறையைத் தாம் யோசிக்காமல் விட்டதாக ஒப்புக்கொண்டார்.

கேலி செய்தவர் தோற்றார் என்று கதையை இதோடு முடித்துவிடுவார்கள். முதல் வாரத்தில் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு நடந்ததையும் பார்க்க வேண்டாமா?

2007 ஜூன் 29-ல் விற்பனை தொடங்கியது. செப்டம்பர் 5 அன்று 599 டாலர் போனின் விலை ஒரேயடியாக 399 டாலர் ஆனது. 4 ஜிபி மாடல் நிறுத்தப்பட்டது. இரண்டு மாதம் முன்பு வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முதலில் வாங்கியவர்களுக்கு ஆப்பிள் கடையிலேயே பயன்படுத்தக் கூடிய 100 டாலர் சலுகை தருவதாகச் சொன்னார். கடைசி 14 நாட்களுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் 200 டாலர் முழுதாகத் திரும்பக் கிடைத்தது. பில்லும் தேதியும் எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறதா?

நம் நாட்டு வாடிக்கையாளர்களுக்கு இதில் வேறொரு பாடம். 2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி ஏர்டெல், வோடபோன் மூலம் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் 199 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ரூ.9,000-க்குள் என்று எல்லோரும் படித்திருந்தார்கள். இங்கே 8 ஜிபி மாடலின் விலை ரூ.31,000! "இது என்ன கொள்ளை?" என்று பலருக்கும் ஆத்திரம்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்காவில் 199 டாலருக்கு வாங்கியவர் இரண்டு வருடம் மாதாமாதம் 70 டாலர் அளவில் பில் கட்டியாக வேண்டும். 24 மாதத்துக்கு அதுவே சுமார் 1,680 டாலர். போனுக்கான மீதிப் பணம் அந்த பில்லுக்குள் இருந்தது. இங்கே அப்படி ஒப்பந்தம் இல்லாததால் முழு விலையும் முதல் நாளே வெளியே தெரிந்தது. வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஸ்டிக்கரை நம்பியவர்கள்

இனி, புகார் செய்தவர்களே சரி என்றான கதைக்கு வருவோம். விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அது வரும்வரை மக்கள் கம்ப்யூட்டர் வாங்காமல் காத்திருந்தால் 2006-ன் விற்பனை படுத்துவிடுமே! அதனால் அந்த ஆண்டு விற்ற எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "விஸ்டா கேப்பபிள்" என்று அதில் இருந்தது. பார்த்தவர்கள், பளபளப்பான புதிய விண்டோஸ் இதில் ஓடும் என்று நம்பி வாங்கினார்கள்.

அந்த ஸ்டிக்கருக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 512 எம்பி ரேமும் இருந்தாலே போதும். ஆனால் விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரைக்கு 1 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் வசதியும் வேண்டும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு "பிரீமியம் ரெடி" என்று வேறு ஸ்டிக்கர் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்டெல் 915 சிப்செட் கொண்ட கம்ப்யூட்டர்கள் அந்தத் திரையைக் காட்டவே முடியாதவை. அவற்றுக்கும் முதல் ஸ்டிக்கர் கிடைத்தது. 2007-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த வழக்கில் 2008-ல் வெளியான மைக்ரோசாப்டின் உள் இமெயில்களில் ஒன்று எல்லோரையும் சிரிக்க வைத்தது. அந்நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே ஸ்டிக்கரைப் பார்த்து 2,100 டாலருக்கு லேப்டாப் வாங்கி, அது இமெயில் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று புலம்பியிருந்தார்!

வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு தொல்லை. பழைய பிரிண்டர், ஸ்கேனருக்கு விஸ்டாவில் ஓடும் டிரைவர் சாப்ட்வேர் கிடைக்கவில்லை. நன்றாக ஓடிக் கொண்டிருந்த பிரிண்டர் ஒரே நாளில் ஓரமாகப் போனது. எக்ஸ்பியே போதும் என்ற குரல் வலுத்தது. 2008 ஜனவரி 31-ல் நிறுத்த இருந்த எக்ஸ்பி விற்பனையை ஜூன் 30 வரை மைக்ரோசாப்ட் நீட்டித்தது. 2009 அக்டோபர் 22-ல் விண்டோஸ் 7 வந்த பிறகுதான் பலரும் மூச்சு விட்டார்கள்.

ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

2012 அக்டோபர் 26-ல் விண்டோஸ் 8 வந்தது. அறிவித்த நாளிலிருந்தே ஒரே கேள்விதான். இடது மூலையில் 1995 முதல் இருந்து வந்த ஸ்டார்ட் பட்டன் எங்கே? விரலால் தொட்டு இயக்கும் கருவிகளுக்காகத் திரை முழுவதும் கட்டம் கட்டமாக மாற்றியிருந்தார்கள். மவுஸ் வைத்திருந்தவர்கள் கம்ப்யூட்டரை ஆஃப் செய்யவே வழி தேடினார்கள்.

பழகினால் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். சரியாகவில்லை. ஒரு வருடத்தில், 2013 அக்டோபர் 17 அன்று வந்த 8.1 பதிப்பில் பட்டன் திரும்பியது. ஆனால் அதை அழுத்தினால் பழைய மெனு வராது, அதே கட்டங்கள்தான் வரும். 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோதுதான் மெனுவே திரும்பியது. மக்கள் சொன்னதை நிறுவனம் ஏற்க கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆயிற்று.

எப்போதும் நிறுவனம் இறங்கி வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 24-ல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல நிலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் பலவும் ஒரே நாளில் தகுதி இழந்தன. தகுதியைச் சோதிக்க மைக்ரோசாப்ட் கொடுத்த சாப்ட்வேர், "உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது" என்றதே தவிர ஏன் என்று சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்று, காரணத்தையும் சொல்லும்படி மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் நிபந்தனையை அடிப்படையில் மாற்றவில்லை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தன. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று மட்டும் அறிவித்தார்கள்.

பிளாப்பி போனபோது வந்த புகாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே புதிதாக வாங்குபவருக்குத்தான் குறை. பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஏற்கெனவே வாங்கி வைத்த பொருளும், பழகிய பழக்கமும் அடிபடுகின்றன. "என் பிரிண்டர் ஓடவில்லை", "என் கம்ப்யூட்டரில் ஏறவில்லை" என்று பலர் ஒரே குரலில் சொன்னால் அதை வெறும் முணுமுணுப்பு என்று தள்ளாதீர்கள். உங்கள் வீட்டிலும் அதுவே நடக்கும்.

251 ரூபாய் போனும் 0 ரூபாய் போனும்

கேலியை விடவும் கோபத்தை விடவும் நம் பையைப் பதம் பார்ப்பது அளவு கடந்த ஆர்வம்தான். 2016 பிப்ரவரியில் "ப்ரீடம் 251" என்ற ஸ்மார்ட்போன் டெல்லியில் அறிவிக்கப்பட்டது. 4 அங்குலத் திரை, 1 ஜிபி ரேம், 8 ஜிபி இடம். விலை ரூ.251! பிப்ரவரி 18 காலை 6 மணிக்கு முன்பதிவு தொடங்கியதும் கூட்டம் தாங்காமல் இணையதளம் படுத்துவிட்டது.

சந்தேகப்பட்டவர்களும் அன்றே இருந்தார்கள். அந்த விலைக்குத் திரையைக்கூட வாங்க முடியாதே என்றார்கள் செல்போன் துறையினர். அறிமுக விழாவில் காட்டிய போன்களில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் பணம் கட்டிய சுமார் 30,000 பேருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், போன் வந்த பிறகு பணம் தந்தால் போதும் என்றும் நிறுவனம் சொன்னது. 2017 பிப்ரவரியில், விநியோகஸ்தர் ஒருவரின் புகாரின் பேரில் அதன் நிர்வாக இயக்குனர் கைது செய்யப்பட்டார்.

விலை குறைவு என்றாலே மோசடியா? அப்படியும் இல்லை. 2017 ஜூலை 21-ல் ரிலையன்ஸ் ஜியோ, "அடக்க விலை பூஜ்யம்" என்று ஜியோபோனை அறிவித்தது. ரூ.1,500 டெபாசிட் கட்ட வேண்டும், மூன்று வருடம் கழித்து போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும் என்றார்கள். ஒரே சிம்தான், அதுவும் ஜியோ சிம்தான், வாட்ஸ்அப் கிடையாது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. வாட்ஸ்அப் 2018 செப்டம்பரில் வந்து சேர்ந்தது. ஆனால் நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் ஒளிவு மறைவின்றித் தெரிந்தது. மாதம் ரூ.153 ரீசார்ஜ், வேறு நிறுவன சிம் போட முடியாது, டெபாசிட் அவர்கள் கையில். ரூ.251 போனில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. மலிவாக ஒன்று அறிவிக்கப்பட்டால், "இவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.

கேலி செய்த நிறுவனமே பின்னால் வரும்

2020 அக்டோபர் 13-ல் வந்த ஐபோன் 12 பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சுற்றுச்சூழலுக்காக என்றது ஆப்பிள். எங்கள் போனோடு சார்ஜரும் உண்டு என்று சாம்சங் பேஸ்புக்கில் கிண்டலாக விளம்பரம் செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை! கிண்டல் விளம்பரமும் நீக்கப்பட்டது. 2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் துளையை எடுத்தபோதும் இதே கதைதான். 2019-ல் வந்த சாம்சங் நோட் 10-லும் அந்தத் துளை இல்லை.

ஆகவே ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் கேலி செய்வதை வைத்து நம் முடிவை எடுக்கக் கூடாது. பெட்டிக்குள் இல்லாத சார்ஜர், கேபிள், ஹெட்போன் எல்லாவற்றின் விலையையும் கூட்டி, மொத்தத் தொகையைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அறிவிப்பு வந்ததும் என்ன செய்யலாம்?

* முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று வரிசையாகப் போனால் பிராசசர், ரேம், விண்டோஸ் பதிப்பு மூன்றும் தெரியும். ஒரு தாளில் குறித்து கம்ப்யூட்டர் டேபிளிலேயே வையுங்கள்.

* பிரிண்டர், ஸ்கேனர், அக்கவுண்ட்ஸ் சாப்ட்வேர், தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் ஆகியவற்றின் பெயரையும் மாடல் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். புதிய விண்டோஸில் இவை ஓடுமா என்று அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே மாறுங்கள்.

* பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "குறைந்தபட்சம்" என்று உள்ளதை விட்டுவிட்டு, "பரிந்துரைக்கப்படுவது" என்று உள்ளதைப் பாருங்கள்.

* புகார்களைப் படிக்கும்போது, சொன்னவர் அந்தப் பொருளை வாங்கிப் பயன்படுத்தியவரா, அறிவிப்பை மட்டும் படித்தவரா என்று கவனியுங்கள். விற்பனைக்கு வரும் முன்பே வரும் புகழ்ச்சி, இகழ்ச்சி இரண்டுமே ஊகம்தான்.

* இந்த வாரம் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும், அடுத்த மாதம் புது மாடல் வருகிறது என்ற நிலையில் இருந்தால், பழைய மாடலின் விலையைக் குறைப்பீர்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

* முன்பதிவுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், ரத்து செய்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று எழுத்தில் உள்ளதா பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வந்து "அவசரப்பட்டுட்டீங்களே" என்றால் கலங்க வேண்டாம். பிள்ளையின் பிராஜெக்ட் முடிகிறதா, லெட்டர் பிரிண்ட் ஆகிறதா, பாதுகாப்பு அப்டேட் தவறாமல் வருகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் புதுசுதான். புது மாடலை வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதைப் பற்றி யோசிக்கலாம்.